9 இன்ச் சுவரைத் திறந்து பிரேக்ஃபாஸ்ட் கவுன்டர்: கிரானைட் எவ்வளவு தூரம் வெளியே நீட்டலாம்?

சத்துவாச்சாரி வீடு (கேள்வி)

வேலூர் சத்துவாச்சாரியில் 1990களில் கட்டிய வீடு. கீழே நாங்கள், மேலே ஒரு போர்ஷன் வாடகைக்கு. சமையலறையை மாற்றிக் கட்டப் போகிறோம்.

உள்ளளவு கிழக்கு மேற்காக 10 அடி, தெற்கு வடக்காக 8 அடி. கிழக்குச் சுவர் முழுக்க 8 அடிக்குக் கடப்பா கல் மேடை, மேலே ஜன்னல். தெற்குச் சுவரில் மூலை போக 5 அடிக்கு இன்னொரு மேடை. இப்போதைய உயரம் 32 இன்ச். வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஹால். அது 9 இன்ச் செங்கல் சுவர். மேற்கு ஓரத்தில் 3 அடி வாசல், மீதி 7 அடி வெறும் சுவர்.

அந்த 7 அடியில் 6 அடியை இடுப்பு உயரத்துக்கு மேல் இடித்துவிட்டு, கிரானைட் போட்டு, ஹால் பக்கம் 3 ஸ்டூல் போடலாம் என்று எண்ணம். மேஸ்திரி "லிண்டல் மட்டத்துக்குக் கீழதானே எடுக்கறோம், ஒண்ணும் ஆகாது" என்கிறார். கல் கடையில் "18 எம்எம் கல்லு, 15 இன்ச் வெளிய வந்தாலும் தாங்கும், அடியில டபுள் பட்டி ஒட்டித் தர்றோம்" என்கிறார்கள். இரண்டும் சரியா?

கருப்புக் கல்லா வெள்ளையா என்று வீட்டில் இன்னும் பஞ்சாயத்து ஓடுகிறது. மொத்தம் எத்தனை சதுர அடி வாங்குவது, எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும். அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வலி உண்டு.

செங்கல் சிமென்ட்

கல்லைப் பிறகு பார்க்கலாம், முதலில் சுவர். மேலே ஒரு குடித்தனம் இருக்கிறது, சுவர் 9 இன்ச், 1990களின் கட்டடம். இல்லை என்று கண்ணால் பார்க்கும் வரை அது தளத்தைத் தாங்கும் சுவர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. அந்தச் சுவரில் மேல் தளத்தை ஒட்டி ஒரு அடி உயரத்துக்கு, இரண்டு இடத்தில் பூச்சைக் கொத்துங்கள். கான்கிரீட் தெரிந்தால் பீம் போகிறது. செங்கல் தெரிந்தால் தளத்தின் எடை நேராகச் சுவரில்தான் இறங்குகிறது. 9 இன்ச் பீமும் 9 இன்ச் சுவரும் ஒரே பூச்சுக்குள் மறைந்துவிடும் என்பதால் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அப்படியே மாடிக்குப் போய், இதே சுவருக்கு நேர் மேலே அங்கேயும் சுவர் நிற்கிறதா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். நின்றால் அந்த எடையும் இதன் தலையில்தான்.

மேஸ்திரி சொன்னதில் ஒரு குழப்பம் இருக்கிறது. லிண்டல் என்பது வாசல், ஜன்னல் திறப்புக்கு மேல் எடை தாங்கும் கான்கிரீட் கட்டை. லிண்டல் மட்டம் என்பது வெறும் உயரம். 7 அடி உயரத்தில் எல்லா இடத்திலும் லிண்டல் ஓடும் என்று அர்த்தமில்லை. உங்கள் வீட்டில் வாசலுக்கு மேல் மட்டும் போட்டு, இரண்டு பக்கமும் அரை அடி உள்ளே விட்டு நிறுத்தியிருக்கலாம். வெறும் சுவர் பகுதியில் 7 அடி உயரத்திலும் பூச்சைக் கொத்திப் பாருங்கள்.

அடுத்தது 6 அடி என்ற அளவு. 7 அடியில் 6 அடி போனால் மிச்சம் ஒரு அடி. நடுவில் திறந்தால் பக்கத்துக்கு 6 இன்ச். வாசலுக்கும் புதுத் திறப்புக்கும் நடுவில் 6 இன்ச் அகலத்தில் நிற்கும் செங்கல் தூணில் இரண்டு பக்கத்து லிண்டல் முனையும் வந்து உட்காரும். அது நசுங்கும். முதலில் பூச்சில் சாய்வாக விரிசல் காட்டும், பிறகு மாடித் தரையில் டைல்ஸ் தூக்கும். 5 அடிக்கு இறங்குங்கள், இரண்டு பக்கமும் ஒரு அடி நிற்கட்டும். அந்த ஒரு அடியே இறுக்கமான அளவுதான். பழைய செங்கல் பொரிந்திருந்தால் அந்தத் தூணைக் கான்கிரீட்டாக மாற்ற வேண்டி வரும். இதை நேரில் பார்த்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் முடிவு செய்ய வேண்டும். பீம் அளவும் அவர் வேலை, இங்கே யார் சொன்னாலும் எழுதிக்கொள்ளாதீர்கள்.

செய்யும் முறையை மட்டும் சொல்கிறேன், ஆட்கள் குறுக்கு வழியில் போகிறார்களா என்று நீங்கள் பார்க்கலாம். முதலில் இரண்டு பக்கமும் சுவரிலிருந்து 2 அடி தள்ளித் தளத்துக்கு ஜாக்கி முட்டு. பலகை வைத்து முட்டுங்கள், ஜாக்கித் தலை நேராகத் தளத்தில் குத்தக் கூடாது. பிறகு சுவரின் பாதி கனத்தில், அதாவது சமையலறைப் பக்கம் நாலரை இன்ச் ஆழத்துக்கு மட்டும் பள்ளம் வெட்டி, இரும்புச் சேனலை உள்ளே தள்ளி, மேலே இருக்கும் இடைவெளியைச் சுருங்காத கிரவுட் (இடைவெளி அடைக்கும் சிமென்ட் கலவை) வைத்து இறுக அடைக்க வேண்டும். அது கெட்டியான பிறகுதான் ஹால் பக்கத்துப் பாதி. இரண்டு சேனலையும் குறுக்கே போல்ட் போட்டுச் சேர்த்து, கிரவுட்டுக்குச் சொன்ன நாள் கழிந்த பின் கீழே இருக்கும் சுவரை எடுக்கலாம். ஒரே நாளில் முழுக் கனத்தையும் உடைத்துவிட்டு "சாயங்காலம் பீம் ஏத்திடலாம்" என்று யாராவது சொன்னால் அந்த ஆள் வேண்டாம்.

உடைப்பதற்கு முன் கோடு போட்டு, இரண்டு பக்கமும் கட்டிங் மெஷினால் அறுத்துக்கொள்ளுங்கள். சம்மட்டி வைத்து மேலிருந்து அடித்து இறக்கினால் மிச்சம் நிற்கும் சுவரின் கலவைப் பிடிப்பு விட்டுப்போகும்.

கல் பட்டறை

சார், சுவர் விஷயம் மேல சொன்னதுதான். நான் கல்லைச் சொல்றேன்.

18 எம்எம் கல்லு முட்டு இல்லாம வெளிய வரலாம், ஆனா 6 இன்ச் வரைக்கும்தான். 30 எம்எம் கல்லா இருந்தா 10 இன்ச். அதுலயும் மொத்த அகலத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல வெளிய தொங்கக் கூடாது. உங்க கணக்கைப் பாருங்க. சுவர் பூச்சோட 10 இன்ச், சமையல் பக்கம் 2 இன்ச், ஹால் பக்கம் 15 இன்ச், ஆக 27 இன்ச் கல்லுல பாதிக்கு மேல காத்துல நிக்குது. தட்டு வெச்சா ஒண்ணும் ஆகாது. ஒரு பையன் எம்பி ஏறி உக்காந்தா சுவர் ஓரத்துல கோடு விழும், கோடு விழுந்த அன்னிக்கே துண்டா விழும். கிரானைட்டு நசுக்கினா தாங்கும், வளைச்சா தாங்காது. வளையாமலே உடையற கல்லு.

டபுள் பட்டின்னு ஒட்டறது ஓரத்துல ரெண்டு இன்ச் துண்டு. பாக்கறதுக்கு 36 எம்எம் கல்லு மாதிரி தெரியும், அவ்வளவுதான். பலம் சேராது, முனையில எடைதான் சேரும். அழகுக்குன்னா ஒட்டிக்கங்க, முட்டுக்குப் பதிலா நெனச்சுக்காதீங்க.

எடை தெரிஞ்சுக்கங்க. 18 எம்எம் கல்லு சதுர அடிக்கு சுமார் நாலரை கிலோ, கருப்பா இருந்தா 5 கிலோ வரை வரும். 8 அடி மேடைக்கு ஒரே கல்லுன்னா 75 கிலோவுக்கு மேல. நாலு ஆள் வேணும், வாசல்ல திரும்புமான்னு முதல்லயே பாத்துக்கணும்.

வெளிய நீட்டியே ஆகணும்னா 12 இன்சோட நிறுத்தி, அடியில 50 எம்எம் அகலம் 12 எம்எம் கனம் பட்டை இரும்பு குடுங்க. 5 அடிக்கு மூணு போதும். ரெண்டு முனையிலயும் 6 இன்ச் விட்டு, நடுவுல ஒண்ணு, இடைவெளி 2 அடி வரும். சுவர் தலையில 9 இன்ச், வெளிய 10 இன்ச், ஓரத்துக்கு 2 இன்ச் முன்னாடியே நின்னுடும், உக்காந்தா தெரியாது. ஆனா இரும்பைச் செங்கல் மேல சும்மா வெச்சுக் கலவை போட்டா ஒரு வருஷத்துல பின்பக்கம் தூக்கிடும். அறுத்த சுவர் தலையில 3 இன்ச் கான்கிரீட் பட்டை, ரெண்டு 8 எம்எம் கம்பி நீளவாக்குல, ரெண்டு முனையும் பக்கத்துச் சுவர்ல 6 இன்ச் உள்ள போகணும், நடுவுல ரெண்டு மூணு இடத்துல கீழ செங்கல்லுல ஒரு அடி துளை போட்டுக் கம்பி இறக்கணும். பட்டை இரும்பை அந்தக் கம்பியோட வெல்டு வெச்சு, ரெட் ஆக்சைடு அடிச்சு, மேல்மட்டம் கான்கிரீட்டோட ஒரே மட்டமா ரசமட்டம் வெச்சுப் பாத்துப் போடுங்க. ஒரு இரும்பு 2 எம்எம் தூக்கி நின்னாலும் கல்லு அந்த ஒரு இடத்துலதான் உக்காரும், அங்கேயேதான் உடையும்.

சுவர்ல L பிராக்கெட்டை ஆங்கர் போல்ட் போட்டு மாட்டித் தரேன்னு சொல்லுவாங்க. கான்கிரீட்டுக்கு அது சரி. பழைய செங்கல்லுல விரியற போல்ட் செங்கல்லையே பொளந்துடும், மேல் போல்ட் மெதுவா வெளிய வரும்.

கருப்பா வெள்ளையா? வீட்டுப் பஞ்சாயத்துல நான் வரலை. ஒண்ணு மட்டும்: மஞ்சள், புளி, நல்லெண்ணெய் இருக்கற சமையல்ல வெளிர் கல்லு வேலை வாங்கும். காஷ்மீர் ஒயிட்டுன்னு விக்கறது நம்ம தமிழ்நாட்டுக் கல்லுதான், பேருதான் காஷ்மீர். பாக்க நல்லா இருக்கும், தண்ணி குடிக்கும். கடையில கல்லு மேல ஒரு ஸ்பூன் தண்ணி ஊத்திப் பத்து நிமிஷம் நில்லுங்க. தொடச்ச எடத்துல கருந்திட்டு இருந்தா எண்ணெயும் அப்படித்தான் இறங்கும். சீலர் அடிச்சா தாங்கும், ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை இதே தண்ணிச் சோதனை பண்ணிப் பாத்து மறுபடி அடிக்கணும்.

கருப்புல வேற ஏமாத்து இருக்கு. சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏத்தி ஜெட் பிளாக்குன்னு விப்பாங்க. வெள்ளைத் துணியில நெயில் பாலிஷ் ரிமூவர் நனைச்சு அழுத்தித் தேய்ங்க, துணியில கருப்பு வந்தா விட்டுடுங்க. பிளாக் கேலக்ஸி ஒங்கோல் பக்கத்துச் சீமகுர்த்திக் கல்லு, அதுல தங்கப் பொட்டு கல்லோட கல்லாவே இருக்கும். நம்ம ஊர் போர் தண்ணி உப்பு, கருப்புக் கல்லுல குழாய் அடியில வெள்ளை வளையம் கட்டும். தினமும் தொடச்சு ஈரம் இல்லாம விடறதுதான் வழி. பாத்ரூம் ஆசிட் ஊத்தாதீங்க, கல்லு தப்பிச்சாலும் சேர்மானச் சிமென்ட்டும் ஸ்டீல் சின்க்கும் போயிடும்.

ரெண்டுக்கும் நடுவுல கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரடைசோ மாதிரி கலர் கலந்த கல்லு பாருங்க. கறையும் தெரியாது, உப்பும் தெரியாது.

அடுப்பங்கரை டிசைன்

ஆளுயரத்தை யாரும் இன்னும் கேட்கவில்லை. ஸ்டூல் கவுன்டரில் முதலில் முடிவாக வேண்டியது கல் அல்ல, உட்காருபவரின் முழங்கால்.

உட்காரும் பலகைக்கும் கவுன்டர் மேல்மட்டத்துக்கும் நடுவில் 10 முதல் 12 இன்ச் வேண்டும். கவுன்டர் 42 இன்ச் என்றால் 30 இன்ச் ஸ்டூல், முழங்காலுக்கு உள்ளே 12 இன்ச் ஆழம். 36 இன்ச் என்றால் 24 முதல் 26 இன்ச் ஸ்டூல், ஆழம் 15 இன்ச். சாதாரண மேசை போல 30 இன்ச் என்றால் 18 இன்ச் நாற்காலி, ஆழம் 18 இன்ச். உயரம் குறையக் குறையக் கால் முன்னால் நீளும், அதனால்தான் ஆழம் கூடுகிறது. மேலே சொன்ன 12 இன்ச் நீட்டல் 42 இன்ச் உயரத்துக்குத்தான் பொருந்தும். 36 இன்ச்சில் 12 மட்டும் விட்டால் முழங்கால் சுவரில் இடிக்கும், எல்லாரும் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பல வீடுகளில் அந்த ஸ்டூல் மேல் கடைசியில் துணிதான் மடித்து வைத்திருப்பார்கள்.

உங்கள் அம்மாவுக்கு 30 இன்ச் ஸ்டூல் ஆகாது. முழங்கால் வலியோடு ஏற இறங்கக் கால் வைக்கும் கம்பியில் எடை போட வேண்டி வரும், ஸ்டூல் சாயும். ஆகவே நீட்டும் யோசனையையே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. திறப்பின் அடிமட்டத்தை 36 இன்ச்சில் நிறுத்தி, சுவர் தலை மேல் 12 இன்ச் அகலக் கல் மட்டும் போடுங்கள். அது பாத்திரம் கைமாற்றும் திண்ணை. ஹால் பக்கம் அந்தச் சுவரை ஒட்டி, 30 இன்ச் உயரத்தில், 20 இன்ச் அகலத்தில் கால் வைத்த கல் மேசை. இந்த அமைப்பில் எதுவும் காற்றில் தொங்காது. இன்னொரு லாபம், மேசை திறப்புக்குக் கீழே சுவர் முன்னால் நிற்பதால் திறப்பு 5 அடியாக இருந்தாலும் மேசை 6 அடி போகலாம். ஆளுக்கு 2 அடி கணக்கில் மூன்று பேர் இடிபடாமல் உட்காரலாம். திறப்புக்குள்ளேயே அடக்கினால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. அம்மா உட்கார்ந்தபடியே காய் நறுக்கலாம், முறுக்கு பிழியலாம்.

மேசை ஓரத்திலிருந்து பின்னால் இருக்கும் சுவர் அல்லது சோபா வரை குறைந்தது 36 இன்ச். யாராவது உட்கார்ந்திருக்கும்போது பின்னால் ஆள் நடந்து போக வேண்டுமென்றால் 44. வாசல் ஓரத்திலிருந்து மேசை ஒரு அடி தள்ளியே தொடங்கட்டும், தட்டு எடுத்துக்கொண்டு திரும்புகிறவர் இடுப்பில் முனை இடிக்காது. மேசை முனைகளை ஒரு இன்ச் வளைவாக உருட்டச் சொல்லுங்கள்.

சமையல் மேடை உயரத்தை 32 என்றே வைக்காதீர்கள். அதிகம் சமைப்பவர் நின்று முழங்கையை மடக்கட்டும். முழங்கையிலிருந்து 4 இன்ச் கீழே மேல்மட்டம் வந்தால் சரி. அடுப்பைக் கல்லின் மேல் வைப்பதா, கல்லை வெட்டி உள்ளே இறக்கும் ஹாப்பா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மேலே வைக்கும் அடுப்பு சுமார் 4 இன்ச் உயரம் கூட்டும். பிரஷர் பான் வேறு ஏறினால் உள்ளே எட்டிப் பார்க்கக் குதிகாலைத் தூக்க வேண்டும்.

தரையில் டைல்ஸ் மாற்றப் போகிறீர்களா? இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பழைய தரையிலிருந்து 33 இன்ச் அளந்து மேடை போட்டுவிட்டு, பிறகு பழைய தரை மேலேயே டைல்ஸ் ஒட்டினால் கலவையும் டைல்ஸுமாக ஒன்றரை முதல் 2 இன்ச் ஏறும், மேடை 31 ஆகிவிடும். முடிந்த தரை எங்கே வரும் என்று முதல் நாளே சுவரில் கோடு போடுங்கள். 33 வேண்டுமென்றால் அந்தக் கோட்டிலிருந்து கான்கிரீட் மேல்மட்டம் 31½. மேலே முக்கால் இன்ச் கலவை, முக்கால் இன்ச் கல்.

ஒரு எச்சரிக்கை. சுவரைத் திறந்தால் மிளகாய் தாளிக்கும் நெடி நேராக ஹாலுக்குப் போகும். ஹால் காற்றாடிக் காற்று அடுப்புச் சுடரைச் சாய்க்கும். அடுப்பைத் தென்கிழக்கில் ஜன்னலுக்கு நேர் கீழே வராமல் வையுங்கள், சின்க்கை ஜன்னலடிக்குக் கொண்டுபோங்கள். சிம்னி அடுப்பிலிருந்து 26 முதல் 30 இன்ச் உயரத்தில், 6 இன்ச் குழாய், முடிந்த அளவு வளைவு இல்லாமல் வெளிச்சுவருக்கு. இரண்டு வளைவுக்கு மேல் போனால் சத்தம்தான் இருக்கும், இழுவை இருக்காது.

கல் பட்டறை

மேடம் சொன்ன மேசை யோசனை நம்ம முட்டுக் கணக்கை விட நல்லது. கால் விஷயத்துல மட்டும் ஒரு திருத்தம். ரெண்டு கால் வெச்சுக் கல்லை நேரா அது மேல வெக்கக் கூடாது. 40 எம்எம் சதுர இரும்புக் குழாய்ல முழுச் சட்டம் அடிங்க. சுவர்ப் பக்கம் நீளத்துக்கு ஒரு ஆங்கிள், முன்பக்கம் நீளத்துக்கு ஒரு குழாய், குறுக்கே 2 அடிக்கு ஒண்ணு, முன் மூலை ரெண்டுலயும் கால். கால் அடியில தகடு வெச்சு டைல்ஸ் மேல நிக்கணும், டைல்ஸைத் துளைக்க வேணாம். முன் குழாயை ஓரத்துலேருந்து 4 இன்ச் உள்ள தள்ளி வெச்சா முட்டி இடிக்காது, கல்லும் 4 இன்ச்தான் வெளிய வருது. சட்டத்து மேல 12 எம்எம் வாட்டர்ப்ரூஃப் பிளைவுட், அது மேல சிலிகான் பொட்டு பொட்டா வெச்சுக் கல்லு. சிமென்ட் கலவை போட்டா பிளைவுட் உப்பிடும்.

மின்வாரியம் அல்ல, வயர்மேன் மட்டும்

சுவரை அறுக்கறதுக்கு முன்ன அந்த 7 அடியில பழைய பைப் லைன் போகுதான்னு பாருங்க. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும்தான் பெரும்பாலும் இருக்கும். ஹால் லைட் லைன் அதுக்குள்ளயே போயிருந்தா அன்னிக்கு ராத்திரி ஹாலும் இருட்டு, மெயினை ஆஃப் பண்ணாம அறுத்தா ஆளுக்கும் ஆபத்து.

மேடைக்கு மேல 9 இன்ச் உயரத்துல பிளக். மிக்சிக்கு 6 ஆம்பியர் ரெண்டு, இண்டக்‌ஷன், அவன், கிரைண்டருக்கு 16 ஆம்பியர் மூணு. 2000 வாட் இண்டக்‌ஷன் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், அதை மிக்சி லைன்ல சேர்த்தா வயர் சூடாகும். 16 ஆம்பியர் ஒவ்வொண்ணுக்கும் 4 ஸ்கொயர் எம்எம் வயர், தனி 20 ஆம்பியர் எம்சிபி. மொத்தத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிஞ்சா உடனே லைனை அணைக்கற சுவிட்ச்) கட்டாயம், ஈரக் கையோட தொடற ரூம் இது. சின்க் ஓரத்துலேருந்து 2 அடிக்குள்ள பிளக் வேணாம். சிம்னிக்குத் தனியா மேல 7 அடியில ஒண்ணு. மேசைப் பக்கம் ஹால் சுவர்ல ஒரு 6 ஆம்பியர் விட்டுடுங்க, போன் சார்ஜர் எப்படியும் அங்கதான் வரும்.

கேஸ் டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல நீளக் கூடாது, சுவருக்குள்ள விட்டு எடுக்கக் கூடாது, 5 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். சிலிண்டர் தள்ளி இருக்கணும்னா காப்பர் லைன் போடுங்க.

சத்துவாச்சாரி வீடு

எல்லாருக்கும் நன்றி. பூச்சைக் கொத்திப் பார்த்தாயிற்று. மேலே செங்கல்தான், பீம் இல்லை. மாடியிலும் அதே இடத்தில் சுவர் இருக்கிறது. வாசல் லிண்டல் 8 இன்ச் உள்ளே வந்து நின்றுவிடுகிறது. இன்ஜினியரை வரச் சொல்லியிருக்கிறேன்.

திட்டத்தை மாற்றிவிட்டோம்: திறப்பு 5 அடி, 36 இன்ச்சில் திண்ணை, ஹால் பக்கம் 6 அடிக்கு 20 இன்ச் மேசை. இனி கல் எத்தனை சதுர அடி? கான்கிரீட் மேடையையும் புதிதாகப் போட வேண்டும். வேலை எந்த வரிசையில்?

செங்கல் சிமென்ட்

சுவர் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. இன்ஜினியர் வரைந்து கொடுக்கும் வரை ஒரு செங்கல்லையும் தொடாதீர்கள்.

மேடைக் கான்கிரீட்: 8 அடிக்கு 2 அடி, 5 அடிக்கு 2 அடி, சேர்த்து 26 சதுர அடி. 3 இன்ச் கனத்தில் ஆறரை கன அடி. ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையில் சுமார் ஒன்றரை மூட்டை சிமென்ட் ஆகும், 2 மூட்டை வாங்குங்கள். முக்கால் இன்ச் ஜல்லி வேண்டாம். 3 இன்ச் கனத்தில் கம்பிக்கு அடியில் அது இறங்காமல் ஓட்டை விடும், அரை இன்ச் ஜல்லிதான் சரி. 8 மி.மீ. கம்பி 6 இன்ச்சுக்கு ஒன்று, இரண்டு திசையிலும். சின்க் வரும் இடத்தில் கான்கிரீட் போடும்போதே பெட்டி அடித்து விட்டுவிடுங்கள், பிறகு டிரில் போட்டு உடைத்தால் மேடை முழுக்க அதிரும்.

கத்திரி வெயிலில் இந்த வேலை வந்தால் கோணி போர்த்தி நாள் முழுக்க ஈரம் காயாமல் பார்க்க வேண்டும். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி என்பது வேலூர் மே மாதத்துக்குப் போதாது. மெல்லிய தளம், வெயிலில் முதல் நாளே நீர் வற்றி மேலே மயிர் விரிசல் விழும். 7 நாள் ஈரம், அதன் பிறகு பலகை பிரிக்கலாம்.

வரிசை: முட்டு, பீம், திறப்பு. பிறகு பழைய மேடையை உடைப்பது, வயர், தண்ணீர், கழிவுநீர்க் குழாய்களுக்குச் சுவரில் காடி. பூச்சு. மேடைக் கான்கிரீட். தரை டைல்ஸ். கிரானைட். அதற்கும் பிறகுதான் சுவர் டைல்ஸ். சுவர் டைல்ஸ் கல்லின் மேல் உட்கார வேண்டும். டைல்ஸை முதலில் ஒட்டிக் கல்லை அதன் முன்னால் வைத்தால் இடுக்கில் தண்ணீர் இறங்கி அடியில் இருக்கும் கதவுப் பலகை ஊறும். மரவேலை அளவைக் கல் வைத்த பிறகு எடுக்கச் சொல்லுங்கள்.

கல் பட்டறை

கணக்கு இதோ. மேடை அகலம் 25 இன்ச், கதவுக்கு வெளிய ஒரு இன்ச் வரணும். 8 அடிக்கு 16.7 சதுர அடி. 5 அடிக்கு 10.4. திண்ணை 5 அடிக்கு ஒரு அடி, 5. மேசை 6 அடிக்கு 20 இன்ச், 10. நிகரம் 42 சதுர அடி, எடை 190 கிலோ சுமார்.

ஆனா 42 வாங்கினா பத்தாது. கல்லு நம்ம அளவுக்கு வராது. எட்டரை அடிக்கு 27 இன்ச் ஒண்ணு, அஞ்சரை அடிக்கு 27 இன்ச் ஒண்ணு, ஆறரை அடிக்கு 34 இன்ச் ஒண்ணு. மூணாவதுல மேசை 20, திண்ணை 12, ரெண்டும் ஒரே கல்லுல பக்கம் பக்கமா வந்துடும், ஓரம் சீவறதுக்கும் பிளேடு தின்னறதுக்கும் 2 இன்ச் மிச்சம். ஆக மொத்தம் 50 சதுர அடி. கடையில கட்டர் சைஸ் (அகலம் குறைஞ்ச) கல்லுல இந்த அகலம் கெடைக்கலைன்னா கேங்சா (அகலமான பெரிய) கல்லு ஒண்ணுல எல்லாமே வரும், ஒரே கல்லுன்னா கலரும் மாறாது. ஆனா முழுக் கல்லுக்கும் பில் போடுவாங்க, மிச்சத் துண்டை விடாம வாங்கிட்டு வாங்க, பரண் பலகைக்கோ வாசப்படிக்கோ ஆகும். பில் போடறப்ப முழு அளவுக்கா வெட்டின அளவுக்கா, ஓரம் உருட்டற கூலி ரன்னிங் அடிக்கு எவ்வளவு, சின்க் வெட்டு தனியான்னு முதல்லயே எழுதி வாங்குங்க.

கல்லை நிக்க வெச்சுத் தண்ணி அடிச்சுப் பாருங்க. விரிசல் இருந்தா தண்ணி காயறப்ப அந்தக் கோடு மட்டும் கடைசியா காயும். பின்பக்கமும் பாருங்க, வலை ஒட்டிருந்தா ஏன்னு கேளுங்க. மூணு கல்லையும் வெயில்ல பக்கத்துல பக்கத்துல நிறுத்திக் கலர் பாருங்க, டியூப்லைட்டுக்கு அடியில எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும்.

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கமே போய் எடுக்கறதுன்னா குட்டியானையில சாய்ப்புச் சட்டம் போட்டு நிக்க வெச்சுத்தான் கொண்டு வரணும். படுக்க வெச்சா முதல் ஸ்பீட் பிரேக்கர்லயே நடுவுல போயிடும்.

சின்க் வெட்டறப்ப நாலு மூலையிலயும் முதல்ல துளை போட்டு, துளையிலேருந்து துளைக்கு அறுக்கச் சொல்லுங்க. பிளேடை நேரா விட்டு மூலையில ஒண்ணு மேல ஒண்ணு தாண்டினா அந்தக் கீறல்லேருந்துதான் விரிசல் கெளம்பும். சின்க் முன்னாடி மிஞ்சற பட்டை 3 இன்சுக்குக் குறையக் கூடாது. அண்டர்மவுன்ட் (கல்லுக்கு அடியில மாட்டற) சின்க்குன்னா சிலிகானை மட்டும் நம்பாதீங்க, தண்ணியும் பாத்திரமும் சேர்ந்து ஒரு நாள் கீழ இறங்கிடும், அடியில சட்டம் குடுக்கணும். L மூலைச் சேர்மானத்தை எபாக்சியில கல்லு கலர் கலந்து அடைக்கணும், வெள்ளைச் சிமென்ட் வேணாம். வெளிர் கல்லு எடுத்தீங்கன்னா மட்டும் அடியில கலவை வெள்ளைச் சிமென்ட்டா இருக்கட்டும், சாம்பல் சிமென்ட் ஈரம் மேல திட்டாத் தெரியும்.

முன் ஓரத்துக்கு அடியில, ஒரு இன்ச் உள்ள தள்ளி, நீளத்துக்கு ஒரு சின்னக் காடி போடச் சொல்லுங்க. வழியற தண்ணி அங்கயே சொட்டும், அடிவழியா ஓடிக் கதவுக்கு வராது. கல்லு வெச்ச மறுநாள் சுத்தியல் கைப்பிடியால மெதுவா தட்டிக்கிட்டே போங்க. டொக்குன்னு வெறும் சத்தம் வர்ற எடத்துல கலவை பிடிக்கலை. அடுப்புக்கும் சின்க்குக்கும் சுத்தி அப்படி வந்தா அன்னிக்கே எடுத்து வெக்கச் சொல்லுங்க, மூணு நாள் போனா எடுக்கறப்பவே உடையும். கூலியில பாக்கி அதுக்கு அப்புறம் குடுங்க.